தன்னைத் தானே கட்டிக்கொண்ட படகு

“ஆளே இல்லாத படகு ஏழு சுத்து என்னைச் சுத்தி வந்துச்சு. ஏழாவது சுத்துல அதுக்கே தலை சுத்திப்போய், தன் கயித்தைத் தானே எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, என் பக்கத்துல வந்து ‘ஏறிக்கோ தாயே’ன்னு நின்னுச்சு.”

இப்படிச் சொன்னவள் படகுக்காரி. சொன்ன இடம் அவள் புருஷனின் தையல்கடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பொத்தான் வைக்க வந்தவர், கால்சட்டை நீளத்தைக் குறைக்க வந்தவர், எதையும் தைக்காமல் பேப்பர் படிக்க மட்டும் வருகிறவர் என்று பெஞ்சு நிறைய ஆள். அவர்கள் சிரித்த சிரிப்பில் நூல்கண்டுகள் மேசையிலிருந்து உருண்டு தெருவில் பாதி தூரம் போய்விட்டன.

“ஏறினதும் படகு டிக்கெட் கேட்டுச்சாக்கா?” என்றார் பேப்பர்காரர்.

“கேட்டுச்சு. சில்லறை இல்லன்னேன். நாளைக்குக் குடுன்னு விட்டுருச்சு.”

மறுபடியும் சிரிப்பு. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் தையல்காரர். அவர் பெண்டாட்டியின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவன் படகுக்காரியின் தம்பி, மெக்கானிக். ஈரத் தலையோடு மூலையில் நின்று, சுவரில் தொங்கிய காலண்டரை நேராக்கிக்கொண்டிருந்தான்.

“நீயும் கூடப் போனியே, நீ சொல்லுப்பா. நடந்துச்சா?” என்று அவனை இழுத்தார் பொத்தான்காரர்.

“கயிறு சிக்கிச்சு. எடுத்தோம். வந்தோம்,” என்றான் மெக்கானிக் காலண்டரிடம். “அக்கா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா. உங்களுக்குத் தெரியாதா?”

படகுக்காரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று தெரியவேண்டுமானால் கொஞ்ச நாள் பின்னால் போகவேண்டும். அப்போது அவள் கதை விடும் நிலையில் இல்லை. யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பயத்தில் இருந்தாள்.

ஏரியின் இந்தக் கரையில் ஊர். அந்தக் கரையில் நீரேற்று நிலையம், ஒரு பள்ளிக்கூடம், கொஞ்சம் வீடுகள். நடுவில் தண்ணீர். அதன் மேல் இவள் படகு. பின்னால் மோட்டாரைத் தொங்கவிட்டு ஓட்டுகிற சின்னப் படகு அல்ல இது. எஞ்சின் வயிற்றுக்குள், மரப்பெட்டிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு கிளம்பித் தண்ணீருக்குள் போகும். தண்டின் முனையில் புரொப்பெல்லர். அதற்குப் பின்னால் சுக்கான், கதவு மாதிரி ஒரு பித்தளைத் தகடு. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்தக் கதவு திரும்பும், படகும் திரும்பும். அவள் இடது கை ஸ்டீயரிங்கில் இருக்கும், வலது கை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியில். கல்யாணம் ஆன புதிதில் பிடித்த ஸ்டீயரிங். அன்றிலிருந்து படகு ஓடும்போது இடது கையை அவள் எடுத்ததே இல்லை. மூக்கு அரித்தால் மூக்கைக் கொண்டுபோய்த் தோளில் தேய்ப்பாளே தவிர, கை நகராது. கொசுக்கள் இதைத் தெரிந்துகொண்டு அவள் இடது காதுக்கென்றே தனியாக ஒரு கூட்டம் வைத்திருந்தன.

வருஷா வருஷம் படகைக் கரையேற்றிப் பாசி சுரண்டுவது தம்பியின் வேலை. அவனுக்கு ஊர் வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனார் வைத்திருக்கும் அந்தக் கண்ணாடிக்குழாய்க் கட்டையை இவன் சட்டைப்பையிலேயே வைத்திருப்பான். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அலமாரி மேல் வைத்துப் பார்ப்பான். கோணலான போட்டோவைக் கண்டால் துக்க வீடென்றும் பார்க்காமல் எழுந்துபோய் நேராக்குவான். போன மாதமும் அப்படித்தான் படகைத் துடைத்து, தீட்டி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். பார்க்கப் புதுப்பெண் மாதிரி இருந்தது.

தண்ணீரில் இறக்கிய முதல் நாள் நடு ஏரியில் வேகம் பிடித்தபோதுதான் படகுக்காரிக்குத் தெரிந்தது. ஸ்டீயரிங் வலதுபக்கம் நழுவியது. யாரோ எதிரில் உட்கார்ந்து மெதுவாக, விடாமல், சிரித்துக்கொண்டே இழுப்பது மாதிரி. அவள் இறுக்கிப் பிடித்தாள். அக்கரை போய்ச் சேர்வதற்குள் இடது மணிக்கட்டு வலித்தது. இரண்டாம் நாள் முழங்கை. அந்த வாரக் கடைசியில் விரல்கள் மரத்துப்போய், டீ கிளாஸைப் பிடித்தால் பிடித்த மாதிரியே இல்லை.

கிளாஸ் விழுந்து உடைந்தது அன்றைக்குத்தான். அவள் துண்டுகளைப் பொறுக்காமல் அப்படியே நின்றாள். ஏனென்றால் அந்தச் சத்தத்தை அவள் ஏற்கனவே கேட்டிருக்கிறாள். அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. இதே இடது கை. முதலில் டம்ளர் நழுவியது. “கை ஈரம்” என்று அம்மா சிரித்தாள். பிறகு சீப்பு நழுவியது. பிறகு கால் இழுத்தது. அடுத்த வருஷம் கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயோரம் துடைத்துவிட ஆள் வேண்டியவளாகிவிட்டாள். அந்த வாயைத் துடைத்தவள் இவள்தான்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று ஒரு நினைப்பு. தனியாக இருக்கும்போது தண்ணீர்க் குடத்தை இடது கையால் தூக்கிப் பார்ப்பாள். கதவுத் தாழ்ப்பாளை இடது கையால் இழுத்துப் பார்ப்பாள். கண்ணாடி முன் நின்று இரண்டு கையையும் நீட்டி எது முதலில் இறங்குகிறது என்று பார்ப்பாள். இடது கை நடுங்குவதாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் வலதும் நடுங்கும். ஐயோ, இரண்டுமா என்று உட்கார்ந்துவிடுவாள்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். இழுப்பது படகா, விட்டுக்கொடுப்பது கையா? கண்டுபிடிக்க வழியும் சுலபம். நடு ஏரியில் வேகமாக ஓட்டி, கையை எடுத்துவிட வேண்டியது. படகு வலதுபக்கம் திரும்பினால் கோளாறு படகில். நேராகப் போனால்?

அந்த ‘நேராகப் போனால்’ என்ற இடத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் கையை எடுக்கவே இல்லை. முன்பு பழக்கத்துக்காகப் பிடித்தவள் இப்போது பயத்துக்காகப் பிடித்தாள்.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூட டீச்சர்களும் நீரேற்று நிலையத்து ஆட்களும் நிறைந்திருந்த நேரம். நீரேற்று நிலையத்துக்குத் தண்ணீர் உறிஞ்ச ஏரிக்குள் கட்டிய கோபுரத்தை ஒட்டிய தடத்தில், அதன் கல்தூணுக்குப் பக்கத்தில் போக வேண்டும். விரல்கள் மரத்திருந்தன. ஒரு நொடி பிடி தளர்ந்திருக்கும். படகு வலதுபக்கம் கோபுரத்தைப் பார்த்து நகர்ந்தது. அவள் உடம்பையே ஸ்டீயரிங் மேல் போட்டுத் திருப்பினாள். தூணில் படகின் விலா உரசிய சத்தம் எல்லோர் பல்லையும் கூசவைத்தது. ஒரு டீச்சரின் சாப்பாட்டு டப்பா தண்ணீரில் விழுந்து, மூடியைத் திறந்து காட்டிவிட்டு முழுகியது.

“என்ன ஆச்சு?” என்று கத்தினார்கள்.

“அலை,” என்றாள்.

ஏரி இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது.

செய்தி அவள் கரை சேர்வதற்கு முன்னாலேயே கரை சேர்ந்துவிட்டது. தம்பி ஓடிவந்தான். “ஸ்டீயரிங் இழுக்குதுடா,” என்று அவனிடம் மட்டும் சொன்னாள். படகை வண்டியில் ஏற்றித் தண்ணீருக்கு வெளியே இழுத்துவைத்து, அன்று முழுக்கப் படகுக்கடியில் படுத்துக் கிடந்தான். முன்மூக்கிலிருந்து பின்கட்டை வரை நூல் கட்டினான். ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்தி, சுக்கான் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தான். நின்றது. கேபிள் இறுக்கத்தைப் பார்த்தான். சரியாக இருந்தது. தண்டில் வளைவு இல்லை. புரொப்பெல்லரின் இறக்கைகள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. பிறகு படகைத் தண்ணீரில் இறக்கித் துறைக்குள்ளேயே மெதுவாக இரண்டு நடை ஓட்டிப் பார்த்தான். இழுக்கவே இல்லை.

“அக்கா, படகு நூல் புடிச்ச மாதிரி இருக்கு,” என்றான் கையைத் துடைத்துக்கொண்டே. “எதுலயும் ஒரு மயிரிழை கோணல் கிடையாது. நானே செஞ்சது.” பிறகு, யோசிக்காமல், “கைதான் உனக்கு வீக்காயிருச்சு. அம்மாவுக்கு ஆன மாதிரி ஏதாவது…” என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினான்.

நிறுத்தியும் பிரயோஜனம் இல்லை. அவள் இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவன் தையல்கடைக்குப் போய் மாமாவிடமும் சொல்லிவிட்டான். அதிலிருந்து வீட்டில் நடந்ததுதான் உண்மையான பயங்கரம். தையல்காரர் அன்பாக இருக்க ஆரம்பித்தார்.

இத்தனை வருஷத்தில் “சாப்டியா” என்று கேட்டதில்லை அந்த மனுஷன். ஊசியில் நூல் கோர்க்கும்போது பேசினால் முறைப்பார். இப்போது டீயைப் பாதி கிளாஸாகக் கொண்டுவந்து அவள் வலது கையில் வைத்தார். வாசல்படியில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “மெதுவா, மெதுவா,” என்றார். அம்மாவின் கட்டிலைச் சுற்றி எல்லோரும் பேசின அதே குரல். அவளுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

“திங்கக்கிழமையிலேர்ந்து மச்சான் ஓட்டட்டும்,” என்றார் தையல்காரர். “நீ கடையில வந்து உக்காரு. பொத்தானுக்குக் காஜா எடுக்க ஆள் வேணும்.”

“காஜா எடுக்கவும் கை வேணுமே?”

“சும்மா உக்காரு. போதும்.”

சும்மா உட்கார் என்ற சொல்லில் அந்தக் கட்டிலின் கால் தெரிந்தது அவளுக்கு. தம்பியைக் கூப்பிட்டாள். “ஞாயித்துக்கிழமை ஆளு ஏத்த மாட்டோம். நீயும் நானும் நடு ஏரிக்குப் போவோம். வேகமா ஓட்டிப் பாத்துருவோம்.”

“கையை விடுவியா?”

“விடுறேன்.”

“விட மாட்ட. எனக்குத் தெரியும்.”

“விடுறேண்டா!”

ஞாயிற்றுக்கிழமை காலை துறையில் ஆள் இல்லை. அவள் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டாள். தம்பியும் போட்டான். ஆனால் அவன் வயிறு கடைசிக் கொக்கியோடு உடன்படாததால் மேல் கொக்கி மட்டும் மாட்டியிருந்தது. கட்டுக்கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்து, சுருட்டாமல், முன்மூக்கில் குவித்துப் போட்டான்.

“கயித்தைச் சுருட்டி வைடா. எத்தனை தடவை சொல்றது.”

“வந்ததும் மறுபடி கட்டத்தானே போறோம்?” உலகத்தையே நேராக்கும் ரசமட்டத்துக்குக் கயிறு மட்டும் கண்ணில் படாது.

நடு ஏரி. அவள் வேகத்தை முழுக்கக் கூட்டினாள். முன்மூக்கு எழும்பியது. இழுப்பும் வந்துவிட்டது, விடாமல், சிரித்துக்கொண்டே. தம்பி பின்கட்டையில் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் சுக்கானைப் பார்த்தபடி கத்தினான்: “விடுக்கா கையை!”

அவள் ஒரு முறை அக்கரையைப் பார்த்தாள். கையை எடுத்தாள்.

எடுத்த அதே கணத்தில் அவள் இடது முழங்கால் தானாக எழுந்து ஸ்டீயரிங்கின் அடிக்கம்பியில் முட்டுக்கொடுத்துக்கொண்டது. அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. அது தன் இஷ்டத்துக்குச் செய்தது. படகு அம்பு மாதிரி நேராகப் போனது.

“பாத்தியா?” தம்பி திரும்பிப் பார்க்காமலே கத்தினான். அவன் குரலில் வெற்றி இல்லை. பாவம், அழுகைதான் இருந்தது. “நேராத்தான் போகுதுக்கா. கைதான். நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம்.”

முழங்காலில் ஸ்டீயரிங் அழுத்துவது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், பயம் என்ன செய்தது தெரியுமா? காலும் போகத் தொடங்கிவிட்டது என்று காதில் ஊதியது. அம்மாவுக்கும் கைக்குப் பிறகு கால்தானே. அவள் முகம் வெளுத்துவிட்டது. தம்பி எழுந்து அவளிடம் வந்தான், ஆறுதல் சொல்ல. அப்போதுதான் முழங்காலைப் பார்த்தான்.

“அடிப்பாவி! முட்டி குடுத்துட்டு நிக்கிற!”

“தெரியாம வந்துருச்சுடா!”

“எடு காலை!”

“எடுக்க மாட்டேன்!”

“சின்ன வயசுல பல்லாங்குழியிலயும் இப்படித்தான் ஏமாத்துவ! எடு!”

அவன் முழங்காலைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் காதைப் பிடித்தாள். அறுபதைத் தாண்டியவளும் தாண்டப்போகிறவனும் நடு ஏரியில், முழு வேகத்தில், நாலு வயசுப் பிள்ளைகள் மாதிரி கட்டிப் புரண்டார்கள். முழங்கால் நழுவியது.

ஸ்டீயரிங் பம்பரம் மாதிரி வலதுபக்கம் சுழன்றது. படகு ஒரே வெட்டாக வலதுபக்கம் திரும்பியது. திரும்பிய வேகத்தில் அக்காவும் தம்பியும் இடதுபக்க விளிம்பைத் தாண்டி, ஒருவர் மேல் ஒருவராக, தண்ணீருக்குள் போய் விழுந்தார்கள். முன்மூக்கில் கிடந்த கயிறும் அவர்கள் பின்னாலேயே குதித்துவிட்டது.

அவள் மேலே வந்து மூச்சு வாங்கியபோது படகு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அப்பாடா, போய்த்தொலையட்டும் என்று நினைத்தாள். அது போகவில்லை. சாய்ந்து, வளைந்து, வட்டமிட்டு, திரும்பி, அவர்களைப் பார்த்து வந்தது.

படகு தன்னை நோக்கி வருவதை அதுவரை அவள் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்ததே இல்லை. அது படகு மாதிரி இல்லை. வாயைத் திறந்த வீடு மாதிரி இருந்தது. அடியில் அந்தப் புரொப்பெல்லர் தண்ணீரை அரைக்கும் சத்தம் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. தம்பியின் லைஃப் ஜாக்கெட் கழுத்து வரை ஏறி, அவன் அதற்குள்ளே முழுகிக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டி அவன் சட்டைக்காலரைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் உதைத்து நீந்தினாள். படகு ஒரு ஆள் தூரத்தில் சீறிக்கொண்டு போனது. அதன் அலை இரண்டு பேர் மூக்கிலும் ஏரியை ஊற்றிவிட்டது.

“போயிருச்சு,” என்று இருமினான் தம்பி.

“வரும்,” என்றாள்.

வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்தது; காற்று அந்த வட்டத்தையே மெல்ல அவர்கள் மேல் நகர்த்திக்கொண்டிருந்தது. வெளியே நீந்தினால் பாதையில் மாட்டுவோம் என்று அவளுக்குப் புரிந்தது. “நடுவுல இருடா! வட்டத்துக்கு நடுவுல!” என்று காலரைப் பிடித்து இழுத்தாள். உள்ளே இருந்தால் படகு சுற்றி ஓடும், மேலே ஏறாது. ஆனால் நடு எது? தண்ணீரில் கோலம் போட்டுக் காட்டவா முடியும்? அந்த இரைச்சல் எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் உதைத்தாள். மறுபடி அலை. மறுபடி இரைச்சல். கால்கள் கனத்தன. தம்பி அழுதான். “அக்கா, பிள்ளைங்க… வொர்க்ஷாப் சாவி… அம்மா…” என்று எல்லாவற்றையும் கலந்து கூப்பிட்டான்.

இன்னொரு சுற்றில் படகு பக்கவாட்டாகக் கடந்தபோது அவளுக்கு ஓட்டுநர் இருக்கை தெரிந்தது. காலி. ஸ்டீயரிங் தெரிந்தது. அதன் மேல் கை இல்லை, முழங்கால் இல்லை. யாரும் இல்லை. படகு வலதுபக்கம் வளைந்து போய்க்கொண்டிருந்தது.

அவள் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பினாள்.

“வலதுபக்கம் போகுதுடா!”

“என்னது?”

“ஆளே இல்ல! வலதுபக்கம் போகுது! படகுடா! கை இல்லடா, படகு!”

“சாகப் போறோம்க்கா!”

“சாகலாம்டா! கை நல்லாருக்குடா!”

கடவுளே, இப்படி ஒரு சிரிப்பை அந்த ஏரி கேட்டிருக்காது. பற்கள் குளிரிலும் பயத்திலும் தந்தியடிக்க, படகு அவர்களைக் கொல்ல வந்துகொண்டிருக்க, அவள் சிரித்தாள். சிரித்ததில் தண்ணீர் குடித்தாள். குடித்ததும் மறுபடி பயந்தாள். காற்று வட்டத்தை மேலும் நகர்த்திவிட்டது. அடுத்த சுற்று நேராக அவர்கள் மேல்தான். உதைக்கக் காலில் தெம்பில்லை. முன்மூக்கு பெரிதாகியது, பெரிதாகியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு எதுவுமே இல்லை. அலை மட்டும் வந்து கன்னத்தில் தட்டியது.

கண்ணைத் திறந்தால் படகு எதிரில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், மூச்சடங்கி ஆடிக்கொண்டிருந்தது. தம்பி சுருட்டாமல் போட்ட அந்தக் கட்டுக்கயிறு ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் இழுபட்டு, கடைசியில் அடியில் போய், புரொப்பெல்லரில் சுற்றிச் சுற்றி இறுகி, எஞ்சினையே நிறுத்தியிருந்தது. கயிற்றின் ஒரு நுனி முன்மூக்கில், மறு நுனி புரொப்பெல்லரில். படகு தன்னைத் தானே கட்டிக்கொண்டு நின்றது.

படகின் ஏணியைப் பிடித்து ஏறப் போனபோதுதான் அவளுக்கு ஒரு கை குறைந்தது. எங்கே என்று பார்த்தாள். தம்பியின் காலரில் இருந்தது. விழுந்த நிமிஷத்திலிருந்து அந்தத் தொண்ணூறு கிலோவையும் பிடித்துக்கொண்டிருந்தது. விடு என்றால் விடவில்லை. தம்பிதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பிரித்தபோது இருவரும் பார்த்தார்கள். இடது கை.

மத்தியானம் படகு மறுபடி வண்டியில், கரையில். கயிற்றை வெட்டி எடுத்தாகிவிட்டது. தம்பி மறுபடி நூல் கட்டினான், மறுபடி எல்லாம் நேராக இருந்தது. அவனுக்குப் பேயறைந்த முகம். படகுக்காரி சுக்கானின் பின்விளிம்பில் இடது கை விரல்களை ஓட்டினாள். வருஷா வருஷம் தம்பி பாசி சுரண்டும்போது அவள் தடவிப் பார்க்கும் விளிம்பு. விரல்கள் எதையோ தேடி நின்றன.

“இங்க இடதுபக்கம் ஒரு சரிவு இருக்குமே? கத்தி சாணை புடிச்ச மாதிரி. படகு வந்த நாள்லேர்ந்து இருந்துச்சு.”

“அதுவா?” என்றான் தம்பி. “ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு கோணலா இருந்துச்சு. பாக்கவே அசிங்கமா. நான்தான் இந்தத் தடவை கிரைண்டர்ல போட்டு ரெண்டு பக்கமும் சமமா…”

சொல்லிக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றான். புரொப்பெல்லர் ஒரே பக்கமாகச் சுழல்கிறது. சுழலும் தண்ணீர் சுக்கானை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. வேகம் கூடக் கூடத் தள்ளல் கூடும். துறைக்குள் மெதுவாக ஓட்டினால் தெரியாது. அந்தத் தள்ளலைச் சமாளிக்கத்தான் படகைக் கட்டியவர்கள் இடதுபக்கம் அரம் போட்டுச் சீவியிருக்கிறார்கள். கோணல்தான் படகை நேராக வைத்திருந்தது. அதைத்தான் ரசமட்டம் நேராக்கிவிட்டான்.

அவன் பேசாமல் அரத்தை எடுத்தான். இடது விளிம்பில் கொஞ்சம் சீவினான். இறக்கினார்கள், ஓட்டினார்கள், இழுப்பு குறைந்தது. ஏற்றினார்கள், இன்னும் கொஞ்சம் சீவினான். மூன்றாவது முறை நடு ஏரியில், முழு வேகத்தில், படகுக்காரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். முழங்காலைத் தம்பி பார்த்தான், தரையில் இருந்தது. படகு நேராகப் போனது. நேராகப் போவதைக் கண்டு அவள் அழுதது அன்றைக்குத்தான்.

கரைக்கு வந்ததும் தம்பி அவள் கையைப் பிடித்தான். “அக்கா, கிரைண்டர் விஷயம் வெளிய வேண்டாம். ரசமட்டம் கோணல் பண்ணிட்டான்னு ஊரே கைகொட்டிச் சிரிக்கும். மாமாகிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு.”

தம்பி. படகை இறக்கி ஏற்றியதில் தலையில் மறுபடி ஏரித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சத்தியம் பண்ணிவிட்டாள். சுக்கானைப் பற்றிச் சொல்லமாட்டேன் என்றுதான் பண்ணினாள். படகு சுற்றியதைச் சொல்லமாட்டேன் என்று பண்ணவில்லை. அதைச் சொல்லாமல் வைத்திருக்க மனுஷியால் முடியுமா?

அதுதான் இந்தத் தையல்கடை. அதுதான் இந்தச் சிரிப்பு.

சிரிப்பு அடங்கியது. தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, பெண்டாட்டியின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

“கதை நல்லாருக்கு,” என்றார், அந்தக் குரலில். “நல்லா சிரிச்சோம். நாளைக்கு மச்சான் ஓட்டட்டும். நீ இங்க வந்து உக்காந்துக்க. சரியா?”

படகுக்காரியின் முகத்திலிருந்த குறும்பெல்லாம் வடிந்துவிட்டது. காலையில் வாயைத் திறந்துகொண்டு வந்த படகைவிட இந்த மெதுவான குரல் அவளைப் பயமுறுத்தியது. படகிலிருந்து தப்பிவிடலாம். இதிலிருந்து எப்படித் தப்புவது? படகுதான் இழுத்தது என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் இழுத்தது என்று கேட்பார். சத்தியம் குறுக்கே நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை. கையைப் புருஷனிடமே விட்டுவிட்டு, நாளைக்குக் காலையில் துறையில் வந்து நிற்கப்போகும் டீச்சர்களை நினைத்தபடி தரையைப் பார்த்தாள். அந்தக் கை இப்போது உண்மையாகவே நடுங்கியது.

மெக்கானிக் காலண்டரை விட்டுத் திரும்பினான். அக்காவின் நடுங்கும் கையைப் பார்த்தான். தன் காலரைத் தடவிக்கொண்டான். அதில் நாலு விரல் கிழிசல் இருந்தது.

“மாமா,” என்றான்.

“என்ன மச்சான்?”

“நாளைக்கு அக்காதான் ஓட்டணும். கையில ஒண்ணும் இல்ல. இழுத்தது படகு. இழுக்க வெச்சது நான். சுக்கான்ல இடதுபக்கம் இருந்த சரிவைக் கோணல்னு நினைச்சு அரைச்சுத் தள்ளிட்டேன்.”

தையல்காரர் மெதுவாக, “ஒரு தோள் இறங்குன ஆளுக்கு ஒரு பக்கம் கூடுதலா விட்டு வெட்டுனாத்தானே சட்டை ரெண்டு தோள்லயும் சமமா உக்காரும்,” என்றார். பிடித்திருந்த கையைப் பார்த்தார். விட்டார். “போய்த் தொலை. காலையில நேரத்துக்குப் படகை எடு,” என்றார், பழைய குரலில். அந்த வசவு அவள் காதில் தேனாகப் பாய்ந்தது.

“அப்போ,” என்று பேப்பரை இறக்கினார் பேப்பர்காரர், “ஆளில்லாம சுத்துனது, தன்னைக் கட்டிக்கிட்டது, எல்லாம் நிஜமா?”

“நிஜம்.”

“ஏழு சுத்துமா? அதையாவது கூட்டித்தானே சொன்னா?”

மெக்கானிக் அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணில் மறுபடி அந்தப் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. கொஞ்சம் பயமும் இருந்தது.

“ஏழு இல்ல,” என்றான். “ஒன்பது. கடைசி ரெண்டுல அவ கண்ணை மூடிட்டா. நான்தான் எண்ணினேன்.”